கிடார விளிம்பில் ஒரு விரல் எண்ணெய்

பாகு பொங்கி வழிய நாலு செக்கன் போதும். கிடாரம் என்கிற பெரிய அண்டாவின் அடியில் சாதுவாகக் கொதித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை கதைத்துவிட்டுத் திரும்பினால் உங்கள் கால் சப்பாத்தில் வந்து நிற்கும். பதினேழு வருடம் இந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். லண்டனில் என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், நுரை அடக்கினேன் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கொஞ்சக் காலம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு, ஓய்வுபெற்றவர்கள் தங்கள் தொழிலைப் பற்றி எழுத வேண்டுமாம். மலரைத் தொகுக்கிற பிள்ளை தாரணி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், உங்கட பக்டரியில இப்ப நுரையைப் பாக்கிறதுக்குக் கமெரா வைச்ச மெஷின் வந்திட்டுதாம். முந்தி நீங்கள் கையால எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. உங்களுக்குக் கைராசி எண்டு அப்பா சொல்லுறவர்."

கைராசி என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. வைக்கவில்லை. எழுதுகிறேன் என்றேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தாரணி எதிர்பார்க்கிற கட்டுரை இது இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஜேர்மனியில் பன்னிரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று மனைவி வசந்தி பிடிவாதமாக நிற்க, எல்லாரையும் போல நாங்களும் லண்டனுக்கு வந்தோம். வட லண்டன் எட்மண்டனில் வீடு எடுத்தோம். வீட்டிலிருந்து இருபது நிமிட நடையில் ஒரு சின்னத் தொழிற்சாலை இருந்தது. அங்கே போய் ஆள் தேவையா என்று கேட்டேன். தேவை என்றார்கள். என் தொழில் வாழ்க்கையின் தொடக்கம் அவ்வளவுதான்.

அங்கே செய்தது மேப்பிள் பாகு. கனடாவில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு வடித்த சாற்றைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாகாக்கி, இரும்புப் பீப்பாய்களில் அனுப்புவார்கள். நாங்கள் அதில் பாதியை வடிகட்டிப் போத்தலில் அடைப்போம். மற்றப் பாதியை மறுபடியும் கிடாரத்தில் ஏற்றி இறுகக் காய்ச்சி, அடித்து, இலை வடிவ அச்சில் ஊற்றி இனிப்புகள் செய்வோம். கிறிஸ்மஸ் காலத்தில் பெரிய கடைகளில் அழகான பெட்டியில் வைத்திருப்பார்களே, அவைதான்.

சீனிப் பாகு கொதித்தால் சும்மா கொதிக்கும். மேப்பிள் பாகு அப்படியில்லை, மரத்தின் உடம்பிலிருந்து வந்த ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. வெப்பம் நூற்றெட்டு டிகிரியைத் தாண்டினால் நுரைக்கும். நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் அதை நம்ப முடியாது. அந்த நேரத்தில் ஒரு துளி கொழுப்பு விழுந்தால் போதும், ஏறிய நுரை அப்படியே படுத்துவிடும். கனடாவில் பழைய ஆட்கள் காய்ச்சுகிற சட்டிக்கு மேலே நூலில் ஒரு துண்டு பன்றிக் கொழுப்பைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். நுரை ஏறி அதைத் தொடும், தொட்டவுடன் இறங்கும். எங்கள் பெட்டியில் சைவம் என்று பச்சை இலை போட்டிருந்ததால் எங்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய். ஒரு கிடாரத்துக்கு அரைத் தேக்கரண்டி. அதற்கு மேல் போனால் இனிப்பு இறுகாது, மேலே எண்ணெய் மினுங்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் டொரீன். பார்படோஸ் தீவில் பிறந்தவர், கிடாரப் பகுதிக்குச் சுப்பவைசர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. மூக்குக் கண்ணாடியை ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. பிழை விட்டால் கிட்ட வந்து, கிடார விளிம்பில் எவர்சில்வர் கரண்டியால் இரண்டு தரம் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார். திட்டு வாங்குவது அதைவிடச் சுகம்.

டொரீனிடம் நாலு கட்டளைகள் இருந்தன. பார். ஆவியைக் குறை. எண்ணெய் விடு. எழுது. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. நுரை ஏறும்போது பதறிப்போய் முதலில் எண்ணெயைத்தான் எல்லாரும் ஊற்றுவார்கள். முதலில் கிடாரத்தைச் சூடாக்குகிற ஆவிக் குழாயைத் திருகிக் குறை, பிறகு எண்ணெய் என்பார். கடைசியாக எழுது. ஒவ்வொரு கிடாரத்துக்கும் ஒரு தாள் உண்டு. எந்தப் பீப்பாய், எத்தனை மணி, எவ்வளவு எண்ணெய், யார் விட்டது என்று எல்லாவற்றையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அரைக் கரண்டி எண்ணெய்க்கு இவ்வளவு எழுத்தா என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதியதில் பிழை இருந்தால் நான் திருத்துவேன், சிவா. எழுதாததை எங்கே போய்த் தேடுவது?" என்றார்.

சிவலோகநாதன் என்ற பெயர் அந்த இடத்தில் யாருடைய வாயிலும் நுழையவில்லை. நான் சிவா ஆனேன்.

மூன்றாவது கிழமை முதல் தடவையாக வழியவிட்டேன். முழங்கால் வரை ஆவி, தரையெல்லாம் பாகு, இடது பாதத்தில் கொப்புளம். டொரீன் கரண்டியால் இரண்டு தரம் தட்டினார். பிறகு அவரே துடைப்பத்தை எடுத்து என்னோடு சேர்ந்து கழுவினார். அன்று வீட்டுக்கு வந்து, இந்த வேலை எனக்குச் சரிவராது என்று வசந்தியிடம் சொன்னேன்.

"சாமி கும்பிடாமல் நெருப்பில கைவைச்சா உப்பிடித்தான். நாளைக்கு அந்தச் சட்டிக்கு ஒரு பொட்டு வைச்சிட்டுத் துவங்குங்கோ" என்றாள்.

எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான் இது. புதுக் கார் வாங்கினால் சந்தனம், புது மெஷின் வந்தால் குங்குமம். உணவு செய்கிற இடத்தில் குங்குமம் வைத்தால் டொரீன் என்னையும் சேர்த்துத் துடைத்து எறிந்துவிடுவார். ஆகவே வசந்தி ஒரு சின்ன மருந்துப் போத்தலில் நல்லெண்ணெய் விட்டுத் தந்தாள். விளக்குக்கு விடுகிற எண்ணெய்தானே, சாமிக்கும் பொருந்தும், கண்ணுக்கும் தெரியாது. காலையில் ஆவியைத் திறக்க முன்னர் ஒரு சொட்டை விரலில் தொட்டு, கிடாரத்தின் உள்விளிம்பில் பொட்டு வைத்து, பிள்ளையாரே என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

பொட்டு வைத்த இடத்துக்கு வந்ததும் நுரை நின்றுவிட்டது. மற்றப் பக்கங்களில் ஏறியது, அந்த இடத்தில் மட்டும் குனிந்து திரும்பிப் போனது. பிள்ளையார் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். நான் முட்டாள் இல்லை, இரண்டாம் நாளே காரணம் விளங்கிவிட்டது. அடுத்த கிழமை ஒரு பொட்டு மூன்றானது. மாத முடிவில் விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வளையமாகத் தடவத் தொடங்கினேன். சாமிக்கு வைக்கிறேனா, நுரைக்கு வைக்கிறேனா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. ஒன்று நிச்சயம், அது பாகில் சேர்கிற பொருள் என்று என் மனதில் ஒருநாளும் படவில்லை. பொட்டை யாராவது தாளில் எழுதுவார்களா? நானும் எழுதவில்லை.

அதன் பிறகு என் கிடாரம் வழியவேயில்லை. மற்றவர்களுடையது மாதத்தில் ஒரு தடவையாவது வழியும். என்னுடையது பத்து வருடத்தில் ஒருமுறையும் இல்லை. சிவாவின் கை என்று பேர் வந்தது. முக்கியமான ஓடர் என்றால் இரண்டாம் நம்பர் கிடாரத்தில் சிவாவை விடு என்பார் மனேஜர். டொரீன்கூட ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்து, இதில் என்ன வைத்திருக்கிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அந்த நேரம் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும். ஆனால் சொன்னால் கைராசி போய்விடும். பன்னிரண்டு வருடம் கோப்பை கழுவியதாக மட்டுமே பேர் எடுத்தவனுக்கு, முதன்முதல் கிடைத்த மரியாதையை விட மனம் வரவில்லை.

என் கிடாரத்து இனிப்புகளைப் பெட்டியில் அடுக்கும் மேசையில் ஜேசுதாசன் நின்றான். மன்னார் ஆள், பிரான்சிலிருந்து வந்தவன், என்னைவிட எட்டு வயது இளமை. வாய் ஓயாது. "அண்ணை, உங்கட கையில பிறந்த பிள்ளையளுக்கு நான் சட்டை போட்டு அனுப்பிறன்" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டுவான். அவனும் மனைவி பிலோமினாவும் அப்போது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. என் அம்மா வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தா. ஷிப்ட் முடிந்ததும் நானும் ஜேசுவும் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய்க் கூட்டத்தோடு நிற்போம். என் அம்மாவுக்காக அவனும் தொண்டை கிழியக் கத்தினான். மேயில் சண்டை முடிந்தது. ஜூனில் அம்மாவின் பெயர் வவுனியா முகாமில் இருக்கிறது என்று தெரிந்தது. ஓகஸ்ட் கடைசியில், வயது போனவர்களை வெளியே விடுகிறார்கள் என்று, ஒரு சொந்தக்காரர் அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீ சாப்பிட்டியா?"

அந்தச் செய்தி கேட்ட அன்றே பிலோமினா எள்ளு வறுத்து, சர்க்கரை போட்டு இடித்து, உருண்டை பிடித்தாள். மறுநாள் ஜேசு ஒரு பெரிய டப்பாவோடு தொழிற்சாலைக்கு வந்தான். கன்டீனில் எல்லாருக்கும் கொடுத்தான்.

"சிவா அண்ணையின்ர அம்மா வெளியில வந்திட்டா. எடுங்கோ, எடுங்கோ" என்று தமிழ் தெரியாத ஆட்களுக்கும் தமிழிலேயே சொன்னான். எல்லாரும் விளங்கிக்கொண்டு வந்து என் முதுகில் தட்டினார்கள்.

அம்மாவை லண்டனுக்குக் கூப்பிடுவதற்கான வேலைகளைத் தொடங்கினேன். அறுபத்தைந்து தாண்டிய தாயை நிரந்தர வேலையில் இருக்கிற மகன் கூப்பிடலாம். அதற்கு வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். ஒக்டோபரில் மனேஜர் அதை எழுதித் தருவதாகச் சொன்னார். தட்டச்சுச் செய்து மேசையில் இருக்கிறது, கையெழுத்து மட்டும் பாக்கி என்றார். அந்தக் கிழமைதான் அது நடந்தது.

வெளியூரில் ஒரு சிறுமி எங்கள் இனிப்பைத் தின்று முகமும் தொண்டையும் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். பிள்ளைக்கு எள்ளு ஆகாது. பெற்றோர் பெட்டியில் எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். அதில் எள்ளு என்று எங்கும் இல்லை. மிச்ச இனிப்பைப் பரிசோதித்ததில் எள்ளு இருந்தது. பெட்டியில் இருந்த இலக்கத்தை வைத்துப் பார்த்தால் அது என் இரண்டாம் நம்பர் கிடாரம், ஓகஸ்ட் கடைசிக் கிழமை.

எல்லாரையும் கன்டீனில் கூப்பிட்டு இருத்தினார்கள். மனேஜர், டொரீன், வெளியிலிருந்து வந்த ஒரு பரிசோதகர். எள்ளு என்ற சொல்லை மனேஜர் சொன்ன கணத்தில் என் விரல் நுனிகள் எனக்கு ஞாபகம் வந்தன. அப்போதுதான் விளங்கியது. நம்பினால் நம்புங்கள், அதுவரைக்கும் நல்லெண்ணெய் என்றால் எள்ளு என்று நான் நினைத்ததே இல்லை. அது எண்ணெய், விளக்கு, பொட்டு. எள்ளு என்பது வேறு ஒரு சாமான்.

அந்தக் கிழமை யாராவது எள்ளுச் சேர்ந்த ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று பரிசோதகர் கேட்டார். டப்பாவில் கைவிட்டுத் தின்ற அத்தனை பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஜேசு எழும்பினான்.

"நான்தான்" என்றான் ஆங்கிலத்தில். "என் மனைவி செய்து தந்தாள். இரண்டு உருண்டையை வேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேசையில் நின்றேன். அது பிழை. மன்னிக்க வேண்டும்."

கேட்காத சட்டைப் பையைக்கூட அவனாகவே சொன்னான். வேலைச் சட்டையில் சாப்பாடு வைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது என்பது சட்டம். அவன் திரும்பக் கதிரையில் இருந்துகொண்டு தமிழில் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"அண்ணை, உங்கட கிடாரத்துக்குத்தான் கெட்ட பேர் வரப்போகுது எண்டு பயந்திட்டன். அதுதான் சொல்லிப்போட்டன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, கடிதத்தை வாங்குங்கோ."

நான் தலையாட்டினேன்.

பின்னேரம் டொரீன் கிடாரத்தடிக்கு வந்தார். ஓகஸ்ட் மாதத் தாள் அவருடைய கையில் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பீப்பாய் இலக்கம், நேரம், சூரியகாந்தி எண்ணெய் அரைக் கரண்டி, என் கையெழுத்து.

"சட்டைப் பையில் கிடந்த உருண்டையிலிருந்து ஒரு கிடாரம் முழுக்க எள்ளு வராது, சிவா. இதில் எழுதாத ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"யோசித்துச் சொல். எழுதாதது இருந்தால் இப்போதும் எழுதலாம். கீழே இடம் இருக்கிறது."

தாளின் அடியில் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. அவர் பேனாவையும் நீட்டினார். மேலே மனேஜரின் அறையில் அம்மாவின் கடிதம் கையெழுத்துக்குக் கிடந்தது.

"இல்லை, டொரீன்" என்றேன்.

அவர் கரண்டியை எடுத்துத் தட்டுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். தட்டவில்லை. தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு ஜேசுவை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் ஊற்றித் தந்தவள் அவள்.

"முதல்ல மாமி வந்து சேரட்டும். பிறகு போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

இந்த ஒரு வசனத்தை நான் பிடித்துக்கொண்டேன். பழியை அவள் மேல் போடவில்லை, அவள் வேறு ஏதும் சொல்லியிருந்தாலும் எனக்கு வசதியான ஒன்றை நான் அதில் தேடி எடுத்திருப்பேன்.

மறுநாள் நல்லெண்ணெய்ப் போத்தலைக் குப்பையில் போட்டேன். எட்டாம் நாள் என் கிடாரம் வழிந்தது. அதற்கடுத்த கிழமை மறுபடியும் வழிந்தது. பத்து வருடம் வழியாத கிடாரம். டொரீன் ஓடிவந்து ஆவியைப் பூட்டினார். பாகு இரண்டு பேருடைய சப்பாத்தையும் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, அவர் என் கையைப் பார்த்தார், பிறகு விளிம்பைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது, அதனால் கவனம் பிசகிவிட்டது என்றேன். அவர் துடைப்பத்தை எடுத்து என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதன் பிறகு என்னோடு வேலையைத் தவிர வேறு கதை கதைத்ததில்லை. அடுத்த வசந்தத்தில் ஓய்வுபெற்றுப் போனபோது எல்லாரையும் கட்டிப்பிடித்து விடைபெற்றார். எனக்குக் கைதந்தார்.

ஜேசுவுக்கு வேறு தொழிற்சாலையில் வேலை கிடைக்கவில்லை. பழைய இடத்தில் விசாரித்தால் உண்மையைச் சொல்வார்கள் அல்லவா. தென் லண்டன் மோர்டனில் பிலோமினாவின் தமக்கை இருந்தா. அங்கே குடிபோய் டக்சி ஓடத் தொடங்கினான். அடுத்த வருடம் அம்மா வந்து இறங்கிய அன்று ஹீத்ரோவுக்கு என்னைக் கூட்டிப்போனவனும் அவன்தான். நான் கேட்கவில்லை, அம்மா வருகிற நாள் தெரிந்து அவனே வந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினான்.

"தம்பி ஆர்?" என்று அம்மா கேட்டா.

"நான் அண்ணையோட ஒண்டா வேலை செய்தனான் அம்மா. நீங்கள் வெளியில வந்த அண்டைக்கு உங்களுக்காண்டி எள்ளுருண்டை குடுத்தனாங்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். அம்மா என் மடியில் கையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் வீடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தா.

அம்மா ஆறு வருடம் எங்களோடு இருந்தா. அந்த ஆறு வருடத்தை என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. காலையில் அவவின் இருமலைக் கேட்டு எழும்பியது, மாலையில் வந்தால் வாசலில் நின்றது, எல்லாவற்றையும் நான் சந்தோசமாகத்தான் அனுபவித்தேன். அதுதான் என் வெட்கம்.

அம்மா வந்தாயிற்று, ஜேசுவிடம் சொல்லலாமே என்று ஒருநாள் வசந்தியிடம் கேட்டேன். இப்போது சொல்லி அவருக்கு என்ன வரப்போகிறது என்றாள். அதையும் பிடித்துக்கொண்டேன். இருந்தும் மூன்று தடவை சொல்வதற்கென்றே மோர்டனுக்குப் போனேன். இரண்டு தடவை தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் தடவை, பிலோமினா கடைக்குப் போன நேரம் பார்த்து, "ஜேசு, அந்த எள்ளு விசயம்..." என்று தொடங்கினேன்.

அவன் கையைக் காட்டி மறித்தான். "அதை விடுங்கோ அண்ணை. பிலோ வந்து கேட்டா அழுவா."

நான் விட்டுவிட்டேன். அவனே வேண்டாம் என்றுவிட்டான் என்று ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பிலோமினா ஏன் அழ வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிப் போயிருப்பேன்.

போன வருடக் கடைசியில் ஜேசு நெஞ்சுவலியில் போய்விட்டான். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மாதா கோவில் மண்டபத்தில் சாப்பாடு. சனமெல்லாம் சாப்பிட்டுக் கலைந்துகொண்டிருந்தது. பிலோமினா வந்து எனக்கு முன்னால் இருந்தாள். மேசையில் யாரோ கொண்டுவந்த பலகாரத் தட்டு இருந்தது. அதில் எள்ளுப்பாகு இரண்டு துண்டு. அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அவருக்கு வேலை போன அண்டையோட நான் எள்ளைக் கையால தொடுறேல்லை அண்ணை" என்றாள். "அந்தப் பிள்ளை இப்ப பெரிசா வளந்திருக்கும் என்ன? ஒவ்வொரு ஞாயிறும் அதுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திறனான். சரியா வறுக்காமல் விட்டனோ, பொடி உதிர உருண்டை பிடிச்சனோ எண்டு எத்தினை நாள் யோசிச்சிருக்கிறன். என்னாலதான் அவருக்கு வேலை போனது. ஆனா ஒரு நாள், ஒரு சொல்லு, அவர் என்னைக் குறை சொன்னதில்லை."

அந்த வீட்டில் இரண்டு பேர் இத்தனை வருடம் என் எண்ணெயைச் சுமந்திருக்கிறார்கள். அவளுக்கு நோகும் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் குறை சொல்லவில்லையே என்று அவள் இன்னும் நொந்துபோனாள். அதற்குப் பிறகு என்னால் ஒரு நிமிடமும் பேசாமல் இருக்க ஏலவில்லை. பொட்டிலிருந்து தொடங்கி, டொரீன் நீட்டிய பேனா வரைக்கும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன்.

பிலோமினா கத்துவாள், முகத்தில் தண்ணீரை ஊற்றுவாள் என்று நினைத்தேன். அவள் அழவுமில்லை.

"அப்ப என்ர உருண்டையால இல்லை."

"இல்லை அம்மா."

"உங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம்."

அவள் மேசை விரிப்பின் நுனியைச் சுருட்டினாள், விரித்தாள். "எனக்குச் சொல்லிப்போட்டீங்கள் அண்ணை. அவருக்கு ஆர் சொல்லுறது?"

அவள் எழும்பினாள். போகும்போது திரும்பி நின்றாள்.

"மன்னிக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ, எனக்கு இப்ப ஏலாது. ஆனா ஒண்டு செய்யுங்கோ. அவரில பிழை இல்லை எண்டு எங்கயாவது ஒரு இடத்தில எழுதுங்கோ. உங்கட பேரைப் போட்டு எழுதுங்கோ."

தாரணி போன் பண்ணியது அதற்கு இரண்டு கிழமைக்குப் பிறகு. மகளே, கைராசிக்காரன் எப்படி நுரை அடக்கினான் என்று நீ கேட்டாய், இதுதான் அந்த விதம். சுருக்க வேண்டுமென்றால் ஜேர்மனியைச் சுருக்கு, அம்மாவைச் சுருக்கு. பெயர்களை மாற்றாதே. அன்றைக்குத் தாளின் அடியில் இருந்த இரண்டு வரி இடத்தை இப்போது நிரப்புகிறேன், அதை மட்டும் வெட்டாமல் போடு.

கிடாரம் இரண்டு. சூரியகாந்தி எண்ணெய் அரைக் கரண்டி. நல்லெண்ணெய், உள்விளிம்பைச் சுற்றி ஒரு விரல் அகலம். தடவியவன்: சிவலோகநாதன். ஜேசுதாசனின் சட்டைப் பைக்கும் பிலோமினாவின் கைக்கும் இதில் சம்பந்தம் இல்லை.